பிறேக் மாற்றிய பிறகு ஸ்ரியரிங் உதறுகிறதா? புது டிஸ்க்கின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள்

சாவகச்சேரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது 2014ஆம் ஆண்டு ரொயோட்டா அக்சியோ ஹைபிரிட். முன் சில்லுகளோடு சுற்றுகிற இரண்டு டிஸ்க் தட்டுகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற பிறேக் பாட்களும் புதிதாகப் பூட்டி இரண்டு மாதம், ஏறக்குறைய 3000 கிலோமீற்றர் ஓடியாயிற்று. பூட்டின நேரம் ஒரு குறையும் இல்லை. இப்போது 60, 70இல் போகும்போது பிறேக் பிடித்தால் ஸ்ரியரிங் இரண்டு பக்கமும் உதறுகிறது. வேலை செய்த கராஜில் "அலைன்மென்ற் பாருங்கோ" என்றார்கள், பார்த்தும் மாறவில்லை. வேறொரு இடத்தில் "டிஸ்க் வளைஞ்சிட்டுது, மாத்த வேணும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மூன்றாவது டிஸ்க் சோடிக்குக் காசு கட்ட வேண்டாம். நான் கொக்குவிலில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். புது டிஸ்க் பூட்டி ஒன்றிரண்டு மாதத்தில் உதறல் தொடங்கினது என்று வந்த கார்களில், டிஸ்க் உண்மையிலேயே பழுதான சாமானாக இருந்தது மிகக் குறைவு. பெரும்பாலும் பிழை டிஸ்க்குக்குப் பின்னால், அது போய் உட்கார்ந்த இடத்தில் இருக்கும்.

ஆனால் அதற்கு முதல் ஒரு வேலை. இதை வாசித்து முடித்ததும் போய்ச் சில்லு நட்டுகள் எல்லாம் இறுக்கமா என்று பாருங்கள். நடுக்கம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கை வைப்பது நட்டில்தான். டிஸ்க் உதறினால் எரிச்சல்தான் வரும், நட்டுக் கழன்றால் சில்லே போய்விடும். உங்கள் காருக்கு ரொயோட்டா சொல்லும் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். அரை மீற்றர் நீளமான கம்பியின் நுனியில் ஏறக்குறைய 21 கிலோ பாரம் தொங்கினால் வருகிற விசை அது. 70 கிலோ ஆள் அதே கம்பியில் ஏறி நின்று மிதித்தால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். "நல்லா இறுக்கியாச்சு" என்று எங்களுடைய ஆட்கள் பெருமையாகச் சொல்வது பல நேரம் இந்த மூன்று மடங்கைத்தான்.

சரி, நட்டு இறுக்கம். இனி நடுக்கம் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறேக்கில் கால் வைக்காமலே 70இல் ஸ்ரியரிங் நடுங்கினால் அது பிறேக் விசயமே இல்லை, சில்லு விசயம். பிறேக் வேலைக்குக் கழற்றின நேரம் சில்லுகள் இடம் மாறியிருக்கலாம். பின்னுக்கு இருந்த, பலன்ஸ் இல்லாத சில்லு முன்னுக்கு வந்தால், அதுவரை ஆசனத்தில் மெல்லியதாக இருந்த நடுக்கம் இப்போது கையில் தெரியும். வேலை செய்தவர் பிறேக்கில் ஒரு பிழையும் விடவில்லை, ஆனாலும் பழி அவருக்குத்தான். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் மாரியில் தோட்டத்துக்குள் இறக்கின கார் என்றால் றிம்முக்கு உள்பக்கம் செம்மண் அப்பிக் காய்ந்து கிடக்கும். அதுவே போதும் பலன்ஸைக் குழப்ப.

வெளியில் வாங்கிப் போட்ட அலோய் சில்லு என்றால் இன்னொன்றும் உண்டு. அக்சியோவின் ஹப்பில், அதாவது சில்லும் டிஸ்க்கும் பூட்டப்படுகிற இரும்புத் தலையில், நடுக் குமிழ் 54.1 மில்லிமீற்றர். வெளிச் சந்தை அலோய்களின் நடு ஓட்டை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1. இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்ரிக் வளையம் இருக்கும். சில்லைக் கழற்றும்போது அது விழுந்து கராஜ் மூலைக்கு உருண்டு போனதை யாரும் கவனிக்காவிட்டால், சில்லு சரியான நடுவில் உட்காராது. கராஜ் கூட்டுகிற பெடியன் "அண்ணை, இது என்ன வளையம்?" என்று அடுத்த நாள் கேட்டு, நான் கார்க்காரரைத் தேடிப் போன கதையும் உண்டு.

உங்களுக்கு வருவது பிறேக் பிடிக்கும்போது மட்டும். அதுவும் ஸ்ரியரிங்கில். ஆகவே முன் பிறேக். பின்பக்கம் என்றால் ஸ்ரியரிங்கைவிட ஆசனத்திலும் உடம்பிலும்தான் அதிகம் தெரியும். சந்தேகம் இருந்தால், உங்கள் ஹான்ட் பிறேக் கையால் இழுக்கிற வகை என்றால், ஆளில்லாத நேரான வீதியில் 40இல் போய், பொத்தானை அமத்திப் பிடித்தபடி மெல்ல இழுத்துப் பாருங்கள். அது பின் சில்லுகளின் டிரம் பிறேக்கை மட்டும்தான் பிடிக்கும். அப்போது கார் உதறினால் டிரம் வட்டம் தப்பிவிட்டது. உதறாவிட்டால் பின்பக்கத்தை மறந்துவிடலாம். மழை ஈரத்தில் இந்த வேலை வேண்டாம்.

இங்கே ஹைபிரிட் கார்க்காரருக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். அக்சியோ, அக்வா, பிரியஸ் எல்லாவற்றிலும் மெல்லப் பிறேக் பிடித்தால் பெரும்பகுதி வேலையை மோட்டார்தான் செய்கிறது, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். பாட் டிஸ்க்கைப் பெரிதாகக் கடிப்பதே இல்லை. அதனால் "ஒருக்கா உதறுது, ஒருக்கா உதறேல்லை" என்று வருவார்கள். குழம்ப வேண்டாம். வெறும் வீதியில் 60இல் போய், நியூற்றலுக்கு மாற்றிவிட்டுப் பிறேக்கை நிதானமாகப் பிடியுங்கள். நியூற்றலில் மோட்டார் பிறேக் வேலை செய்யாது, முழுப் பாரமும் டிஸ்க்குக்கு வரும். உதறல் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தெரியும். சாவகச்சேரியில் இருந்து ஏ9இல் மிருசுவில் தாண்டினால் பளை மட்டும் நல்ல நேர் வீதி இருக்கிறது. விடியப்புறம் போங்கள், மாடு படுத்திருக்கும், கவனம். 70க்கு மேல் போகத் தேவையுமில்லை, சட்டமும் விடாது.

அலைன்மென்றை ஏன் ஒதுக்கச் சொன்னேன் என்றால், அது பிழைத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஒரு ஓரம் தேயும். பிறேக்கில் கால் வைத்தால் மட்டும் உதறி, காலை எடுத்தால் நிற்கிற வருத்தம் அதனால் வருவதில்லை. உங்கள் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீற்றர் போகும். 60இல் ஒரு செக்கனுக்கு எட்டு, ஒன்பது சுற்று. உதறலும் அந்தத் தாளத்தில்தான் வரும், வேகம் குறையக் குறைய அதுவும் ஆறுதலாகும். சுற்றுகிற சாமான் ஒன்றுதான் தட்டுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இனி முக்கியமான இடம். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் "பூட்டின நேரம் ஒரு குறையும் இல்லை" என்பது. பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது. பூட்டி வெளியே எடுத்த அன்றே உதறினால், சில்லு சரியாக உட்காரவில்லை, நட்டு இறுகவில்லை, பாட்களைத் தாங்கி அமத்துகிற கலிப்பர் பிழையாகப் பூட்டப்பட்டது, இல்லாவிட்டால் டிஸ்க்கே பெட்டியில் இருந்து பிழையாக வந்தது என்று தேடலாம். முதலில் நன்றாக இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போன பிறகு மெல்ல மெல்ல வந்தால் அது வேறு சாதி.

நடப்பது இதுதான். டிஸ்க் ஹப்பில் மிகச் சிறிய சரிவோடு உட்கார்ந்திருக்கிறது. சுற்றும்போது உள்ளே வெளியே என்று அசைகிறது. உடனே உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் கலிப்பர் தன்னைத் தாங்குகிற பின்கள் என்ற உருளைக் கம்பிகளில் வழுக்கி டிஸ்க்கோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். ஆனால் நீங்கள் பிறேக் பிடிக்காமல் ஓடுகிற நேரமெல்லாம், டிஸ்க்கின் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பாட்களில் உரசிக்கொண்டே போகிறது. அந்த இடம் மட்டும் தேய்கிறது. மூவாயிரம், ஐயாயிரம் கிலோமீற்றர் போனதும் டிஸ்க்கின் தடிப்பு ஓரிடத்தில் ஒரு மாதிரி, எதிர்ப்பக்கம் இன்னொரு மாதிரி. வித்தியாசம் 0.02 மில்லிமீற்றர் வந்தாலே போதும், பாட்களுக்கு நடுவே தடிப்பும் மெலிவும் மாறி மாறி வந்து பிறேக் பிடியும் ஏறி இறங்கும். அதுதான் உங்கள் கைக்கு வருகிற உதறல்.

இதைத்தான் எல்லாரும் "டிஸ்க் வளைஞ்சிட்டுது" என்கிறார்கள். அது வார்ப்பிரும்பு. நம் வீதியில் போகிற காரில் சூட்டுக்கு அப்பளம் போல வளைந்துவிடாது. சரிவாகப் பூட்டப்பட்டு, ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சரிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் துருவில் இருந்து. யாழ்ப்பாணம் உப்புக் காற்று ஊர். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வருகிற காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். அதோடு எங்களிடம் ஓடுகிற கார்களும் இளசு இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. ஐந்து வருடம் இருக்கிறதையே திருத்தித் திருத்தி ஓடினோம். பழைய டிஸ்க்கைக் கழற்றினால் ஹப் முகத்தில், நட்டுத் தண்டுகளைச் சுற்றி, மண்ணிறப் பொருக்கு வளையம் வளையமாக நிற்கும். விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரியும். அவசரக்காரர் சீலையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் புது டிஸ்க்கை அதற்கு மேல் ஏற்றிவிடுவார்.

கணக்குப் பார்ப்போம். ஹப் முகத்தின் குறுக்களவு 140 மில்லிமீற்றர், டிஸ்க்கின் குறுக்களவு 255 என்று வையுங்கள். ஹப்பின் ஒரு ஓரத்தில் 0.05 மில்லிமீற்றர் பொருக்கு இருந்தால், டிஸ்க் ஓரத்தில் அது 0.09 ஆகிவிடும். போட்டோக்கொப்பித் தாளின் தடிப்பு ஏறக்குறைய 0.1. டிஸ்க் ஆட்டத்துக்கு ரொயோட்டா பல கார்களுக்குச் சொல்கிற எல்லையோ 0.05. ஆக, அரைத் தாள் தடிப்புப் பொருக்கு, கண்ணுக்குத் துப்புரவாகத் தெரிகிற ஹப்பில்கூட இருக்கலாம், உங்கள் புது டிஸ்க்கை மூன்று மாதத்தில் கெடுக்கப் போதும்.

இதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை. தொழில் தொடங்கின காலத்தில் ஒரு வாத்தியாரின் காருக்கு டிஸ்க் போட்டேன். இரண்டு மாதத்தில் உதறலோடு வந்தார். டிஸ்க் கூடாது என்று கடைக்காரரோடு சண்டை பிடித்து வேறு சோடி வாங்கிப் போட்டேன். திரும்ப இரண்டு மாதத்தில் வந்தார். ஒன்றும் பேசவில்லை, திறப்பை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அன்று எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலம் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஆள். நாலு சில்லிலும் டிரம் உள்ள கார்களில் வளர்ந்தவருக்கு டிஸ்க் அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் டிஸ்க்கைக் கழற்றித் திருப்பி, அதன் முதுகில் விரலை ஒரு சுற்று ஓடவிட்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. புது இரும்பில் பிறை வடிவத்தில் ஒரு மண்ணிறத் தடம், ஹப்பில் அதே இடத்தில் பொருக்கு. "தம்பி, கதிரைக் கால் ஆடினா மேசையை மாத்துவியோ?" என்றார். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டது வேறு கதை.

ஆகவே சில்லைக் கழற்றச் சொல்லுங்கள். கலிப்பரைக் கழற்றினால் பிறேக் குழாயில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் மேலே கட்ட வேண்டும். டிஸ்க் வராவிட்டால் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். பெரும்பாலான ரொயோட்டா டிஸ்க்குகளில் 8 மில்லிமீற்றர் போல்ட் போகிற மரை ஓட்டை இரண்டு இருக்கும். அதில் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும்.

கழற்றுவதற்கு முன்பே அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. சில்லு இல்லாமல், நட்டுகளை வாஷர் வைத்து டிஸ்க்கின் மேல் சமனாக இறுக்கிவிட்டு, ஆட்டத்தை ஊசியால் காட்டுகிற டயல் கேஜின் முனையை டிஸ்க் ஓரத்தில் இருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே வைத்துக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். நட்டு இறுக்காமல் அளந்தால் வருகிற எண் பொய். ஊசி எங்கே உச்சத்துக்குப் போகிறதோ, அந்த இடத்தை டிஸ்க்கிலும், அதற்கு நேரே உள்ள நட்டுத் தண்டிலும் சோக்கட்டியால் குறியுங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு தண்டு தள்ளித் திருப்பிப் பூட்டி மறுபடி அளவுங்கள். உச்சம் டிஸ்க்கின் குறியோடு சேர்ந்து நகர்ந்தால் பிழை டிஸ்க்கில். தண்டின் குறியிலேயே நின்றால் பிழை ஹப்பில். அரை மணித்தியால வேலை. கராஜில் "டிஸ்க்தான்" என்று சொல்கிறவர் இதைச் செய்துவிட்டுச் சொன்னாரா என்று கேளுங்கள். டயல் கேஜ் இல்லை என்பவர், பழைய டிஸ்க்கைக் கடைகிற லேத் பட்டறையில் ஒன்றை இரவல் வாங்கலாம். அங்கே கட்டாயம் இருக்கும்.

ஹப்பைத் துப்புரவாக்குவது கம்பி பிறஷ்ஷும் சாண்ட்பேப்பரும் தான். தண்டுகளின் அடியைச் சுற்றித்தான் பிடிவாதமாக நிற்கும், அங்கே பொறுமை வேண்டும். கிறைண்டரைப் பிடித்து ஹப்பின் இரும்பையே தின்னக் கூடாது. இரும்பு நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். டிஸ்க்கின் முதுகு, சில்லு உட்காருகிற முகம், இரண்டும் அதேபோலத்தான். ஹப் முகத்தில் அள்ளிக் கிறீஸ் பூசுகிற வழக்கம் சிலரிடம் உண்டு, வேண்டாம். அது சூட்டில் உருகிப் பாட்டுக்குப் போனால் பிறேக்கே போய்விடும்.

பிறகு கலிப்பர் பின்கள். முன்பு சொன்னேன், கலிப்பர் வழுக்கி அசைந்து கொடுக்கிறது என்று. பின் இறுகிப்போனால் ஒரு பாட் எப்போதும் டிஸ்க்கைக் கடித்தபடி இருக்கும், டிஸ்க் சூடாகும், தேய்வும் உதறலும் கெதியாக வரும். வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு இரண்டு முன் சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கப் பின்னைப் பாருங்கள். கழற்றி இரண்டு பாட்களையும் பக்கத்தில் வைத்தாலும் தெரியும், ஒன்று தேய்ந்து மற்றது புதிது போல இருக்கும். கலிப்பர் பின்களுக்குப் பூச வேண்டியது பிறேக்குக்கு என்று விற்கிற சிலிக்கன் கிறீஸ். பெயரிங் கிறீஸைப் பூசினால் ரப்பர் ஊதி, இறுக்கம் முன்பைவிடக் கூடும். சில கலிப்பர்களில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இல்லை, ஒன்றின் நுனியில் ரப்பர் உறை இருக்கும். எது மேலே எது கீழே என்று பார்த்துக் கழற்ற வேண்டும்.

டிஸ்க்கின் மேற்பரப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். பாட் அளவில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தால் கதை கொஞ்சம் வேறு. புது பாட்டோடு ஓடிச் சூடேறின டிஸ்க், ரயில் கடவையில் போய் நின்று, நீங்கள் பிறேக்கை அமத்தியபடி யாழ்தேவி போகும் மட்டும் காத்திருந்தால், பாட் தன் அச்சை அதில் பதித்துவிடும். வெளிநாட்டுக்காரரின் கார் ஆறு மாதம் மூடிக் கிடந்தாலும் அதே வடிவத்தில் துரு அச்சு விழும். மெல்லிய திட்டென்றால் சாண்ட்பேப்பர் போட்டுவிட்டு, கீழே சொல்கிறபடி திரும்ப ஓடிப் பழக்கலாம்.

ஆட்டம் உள்ள லோவர் ஆர்ம் புஷ், ரை றொட் எண்ட் போன்ற முன் சில்லு மூட்டுகள் எல்லாம் உதறலை உண்டாக்குவதில்லை, இருக்கிறதைப் பெருப்பித்துக் காட்டும். சில்லு கழற்றின நேரத்தில் அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டிஸ்க்கை என்ன செய்வது? மைக்ரோமீற்றர் என்ற நுண் அளவுகருவியால் சுற்றிவர எட்டு இடத்தில் தடிப்பை அளவுங்கள். வித்தியாசம் 0.02க்கு மேல் இருந்தால் லேத்தில் இரண்டு முகத்தையும் கடைந்து எடுக்கலாம். 3000 கிலோமீற்றர் ஓடின டிஸ்க்கில் அதற்கு இடம் தாராளமாக இருக்கும். இதற்குக் கீழே போகக் கூடாது என்ற தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஆனால் ஹப்பைத் துப்புரவாக்காமல் கடைந்தால் இதே கேள்வியை அடுத்த மாரிக்கு எனக்குத் திரும்ப எழுதுவீர்கள்.

பூட்டும்போது நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கச் சொல்லுங்கள். எயார் கன் என்கிற காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை முழுக்க அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற வழக்கம்தான் துப்புரவான ஹப்பிலும் டிஸ்க்கைச் சரியவைக்கிறது. கடைசி இறுக்கம், இறுக்க அளவைக் காட்டுகிற ரோர்க் ரென்ச்சால்.

பிறகு பிறேக் பாட்களை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். அதே மிருசுவில் வீதியில், பின்னால் ஒருவரும் இல்லாத நேரம், 60இல் இருந்து 15 மட்டும் அழுத்திப் பிறேக் பிடித்து விடுங்கள், முழுதாக நிறுத்தாமல். அரைக் கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்ப. எட்டுப் பத்துத் தரம். ஹைபிரிட் என்பதால் மெல்லப் பிடித்தால் பாட்டுக்கு வேலையே போகாது, கொஞ்சம் உறுதியாகப் பிடியுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் பிறேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிடுங்கள். வீட்டுக்கு வந்த கையோடு சில்லில் தண்ணீர் அடிக்க வேண்டாம்.

அளந்ததில் உச்சம் தண்டின் குறியிலேயே நின்று, ஹப்பைத் துப்புரவாக்கின பிறகும் வெறும் ஹப் முகமே 0.05க்கு மேல் ஆடினால், அது ஹப் அல்லது ஹப் சுற்றுகிற பெயரிங். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடப்பு, கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தெரிந்தால் டிஸ்க்கில் கை வைக்காமல் முதலில் அதை மாற்றுங்கள். எதைச் செய்தாலும் 50 கிலோமீற்றர் ஓடின பிறகு நட்டுகளை இன்னொரு தரம் ரோர்க் ரென்ச்சால் பார்க்க மறக்க வேண்டாம். டயல் கேஜில் வந்த எண்ணையும், உச்சம் எந்தக் குறியில் நின்றது என்பதையும் எழுதிவிடுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.